ஊருணிக்குக் கரை

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் நடுநிலைப்பள்ளி. போன வாரம் அங்கே பட்டிமன்றம்: கூகுளால் மக்களுக்கு நன்மையா, தீமையா? நான் நடுவர்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் அம்மா பட்டாசு ஆலையில் பாக்கிங் வேலை பார்க்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். விதவை உதவித்தொகைக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று போனில் கூகுளிடம் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாராம். எதிரணிப் பையன் 2022 அக்டோபர் 20ஐ எடுத்தான். அந்த வருடத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு போன் செய்கிறவர்கள் கூகுளின் செயலிகளையும் சேர்த்தே ஏற்றியாக வேண்டும் என்ற கட்டாயத்துக்காக. இரண்டு பிள்ளைகளும் உண்மையைத்தான் சொன்னார்கள். மணி அடித்த பிறகும் எனக்குத் தீர்ப்பு வரவில்லை.

இதே வழக்கை எங்கள் கரிசல் மண் முன்பே பார்த்துவிட்டது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். 1923இல் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி 'விம்கோ' என்ற பெயரில் இந்தியாவுக்குள் வந்தது. அதன் முதலாளி ஐவார் குரூகர், கடனில் தவித்த நாடுகளுக்குப் பணம் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டித் தனியுரிமையை வாங்கியவர். அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு முன்னால் எங்கள் கைவேலை பிழைத்து நின்றதற்கு, அரசு கைத்தொழிலுக்குக் குறைத்துப் போட்ட கலால் வரி பெரிய காரணம். மானாவாரி பொய்த்த வருடங்களில் அந்தச் சலுகைதான் எங்களுக்குச் சோறு.

அந்தச் சோற்றில் வளர்ந்தவள் என்பதால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். 1981இல் எனக்கு எட்டு வயது. விடியுமுன் வேன் வரும். தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்குவேன். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணுகிறவர் சொல்வதுதான் எண்ணிக்கை. ஒருநாள், "அண்ணாச்சி, மூணு கட்ட குறையுது" என்றேன். மறுநாள் வேன் எங்கள் தெருவில் நிற்கவில்லை. அம்மா போய்க் கெஞ்சிய பிறகுதான் நின்றது.

விம்கோவின் இயந்திரத்துக்கு எட்டு வயது விரல்கள் தேவைப்பட்டிருக்காது. அதனால் பெரிய கம்பெனி என்றாலே பாவம், சின்னது என்றாலே புண்ணியம் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வள்ளுவர் ஒப்புரவைப் பேசும் இடத்தில் நிறைந்த ஊருணியைக் காட்டுகிறார். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு கூகுள் ஊருணிதான். தாகம் தீர்ந்தது பொய்யில்லை. நம் தேடல்களை வைத்து விளம்பரம் விற்றுச் சம்பாதிக்கிறதே, அது எப்படி ஒப்புரவாகும் என்று கேட்கலாம். லாபம் எடுத்ததாலேயே ஓர் உதவி கெட்டுப்போகும் என்று நான் நினைக்கவில்லை. வியாபாரத்திலிருந்தே அறம் செய்த ஊர் விருதுநகர். சரக்குக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். வீடுகளில் பிடி அரிசி எடுத்துவைத்தார்கள். அப்படி நடந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார்.

ப்ளே ஸ்டோர் வழியாக விற்கிறவர்களிடம் கூகுள் 15 முதல் 30 விழுக்காடு வரை எடுத்துவந்ததையும் ஒரு மகமை என்றே வைத்துக்கொள்வோம். மகமைக்கு உறவின்முறையில் கணக்குக் காட்ட வேண்டும், கொடுத்தவர் எழுந்து கேட்கலாம். (அது ஒரு சமூகத்தின் சபை, ஊர் முழுவதற்குமானது அல்ல, அதையும் மறைக்கக் கூடாது.) இந்த மகமைக்கு அப்படி ஒரு சபை எங்கே?

கேள்வி கேட்ட மறுநாளும் அதே ஊருணியில் குடத்தை இறக்க முடிந்தால்தான் அதை ஒப்புரவு என்பேன். முடியாவிட்டால், எவ்வளவு தண்ணீர் வார்த்தாலும் அது தயவு. தயவில் வாழ்வது எப்படி இருக்கும் என்பது வேன் நிற்காத காலையில் எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்களுக்காகவும் ஒருவர் கேட்டார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குள் எனக்குத் திருமணமே ஆகியிருந்தது. ஆனாலும், கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. 2022இல் போட்டி ஆணையம் அப்படி ஓர் இடமாக நின்றது.

தீர்ப்பை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் வந்தாள். "டீச்சர், போன் தப்பாச் சொல்லி மனு தள்ளுபடியாச்சுன்னா, அம்மா யாருகிட்டப் போய்க் கேக்கணும்?"

வி.ஏ.ஓ. தப்பாகச் சொன்னால் தாசில்தாரிடம் போகலாம். அங்கேயும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கலாம். இதை அவளிடம் சொன்னேன். போனுக்கு யார் என்று அவள் மறுபடியும் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முகவரியாவது கண்டுபிடித்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.