விரும்பாத இடத்துக்கு ஒரு பயணம்



யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில், திபேரியக் கடலருகே ஆண்டவர் தம் ஆடுகளைப் பேதுருவிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைத்த கையோடு, முதிர்ந்த வயதில் வேறொருவர் இழுத்த இழுப்புக்கு, விரும்பாத இடத்துக்கும் போகவேண்டிவரும் என்று சொல்லிவைக்கிறார். பொறுப்பை நினைத்துப் பூரிக்கும் நாம், இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

அப்படி விரும்பாத இடத்துக்குப் போகவேண்டிவந்த ஒருவர் நமக்கு அருகிலேயே இருந்தார். நம் வேங்கிக்கால் வழியாகப் பல பஸ்கள் வேலூருக்குப் போகின்றன. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) படித்தவர் மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துப் பெண். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மருத்துவராகப் பல கனவுகளோடு இருந்தவரால் இனி எழுந்து நிற்க முடியாது.

ஆனால் தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். அங்கே அந்தச் சிகிச்சையைச் செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் அந்த வழியைக் காட்டினார். நல்ல நிலையிலுள்ள தசைநாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைக்கும் நுணுக்கமான வேலை அது. சக்கர நாற்காலியிலிருந்தே மேரி அதைச் செய்தார். ஊரார் ஒதுக்கிவைத்த ஒரு மனிதர், தம் விரல்களை நிமிர்த்தப்போகும் மருத்துவரும் நடக்க முடியாதவர் என்று கண்டபோது என்ன நினைத்திருப்பார்! இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் உருகுகிறது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் அங்கே தங்கி, தாங்களாகவே குளிக்க, உடுத்த, தொழில் செய்யக் கற்றார்கள். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் விரும்பாத இடம் அந்தச் சக்கர நாற்காலி. அங்கிருந்துதான் அவர் மற்றவர்களை வழிநடத்தினார். வாழ்வின் மீது அவர் வைத்த ஆசை, அடுத்தவரும் வாழவேண்டும் என்ற ஆசையாக வளர்ந்தது.

பிள்ளைகளே, நாளை திங்கட்கிழமை. நம் ஊர் கலெக்டர் ஆபீசில் குறைதீர்வு நாள். மூன்று சக்கர வண்டியிலும், பிறர் தோளைப் பிடித்துக்கொண்டும் பலர் மனு கொடுக்க வருவார்கள். எழுதத் தெரியாதவர்களும் அவர்களில் இருப்பார்கள். பேனா எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதை முழுவதும் கேட்டு எழுதிக்கொடுங்கள்.