உருளையும் பாதையும்

எஞ்சினின் சக்தியை அளக்க 1821ல் பிரோனி என்ற பிரெஞ்சு எஞ்சினியர் செய்த காரியம் எளிமையானது. சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்தார். எவ்வளவு எதிர்ப்பை எவ்வளவு வேகத்தில் தண்டு தாங்குகிறதோ அதுவே சக்தி. இன்றைய டைனோவில் மரக்கட்டைக்குப் பதில் கனத்த உருளை. கார் அதன்மேல் பட்டைகளால் கட்டப்பட்டு, நின்ற இடத்திலேயே ஓடுகிறது. எதிரே ஒரு மின்விசிறி, காற்றின் பிரதிநிதியாக. அன்றைய வெப்பமும் காற்றழுத்தமும் ஒரு பெருக்கல் எண்ணால் சரிக்கட்டப்படுகின்றன. வந்து விழும் எண்ணில் வளைவு இல்லை, ஓட்டுகிறவன் இல்லை, பயம் இல்லை.

நண்பர் ஒருவர் என் பழைய காருக்குக் காம் ஷாஃப்ட் மாற்றிக் கொடுத்தார். டைனோவில் முன்பு 70 குதிரைசக்தி, பிறகு 76. கோவை செட்டிப்பாளையத்தில், 1997ல் மறைந்த கரிவரதனின் பெயர் தாங்கிய ஓட்டப்பாதையில் என் சுற்று நேரம் அரை வினாடி கூடியது. ‘எண் பொய் சொல்லாது, உங்கள் கைதான் சரியில்லை’ என்றார் அவர். ‘உருளைமேல் ஓட்டவா கார் வைத்திருக்கிறேன்’ என்றேன். மறுநாள் விடிகாலைக் குளிரில், பழைய காமில் ஓடிய நேரத்தைவிட முக்கால் வினாடி குறைந்தது. உடனே இருவரும் கட்சி மாறினோம். அவர் பாதையை நம்பத் தொடங்கினார். எஞ்சின் பேசுகிறது என்றார். எனக்குக் கை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டைனோ ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. அதனால் பதில் சுத்தமாக இருக்கிறது. பாதை எல்லாவற்றையும் ஒருசேரக் கேட்கிறது: டயரின் சூடு, பெட்ரோலின் எடை, காற்று, பிரேக்கை எவ்வளவு தாமதிக்கத் துணிகிறோம் என்பது. பதிலில் எது எதனுடைய பங்கு என்று பிரியாது. 76 என்பது 6000 சுழற்சியில் எட்டிய உச்சம். வளைவிலிருந்து கார் வெளிவரும்போது எஞ்சின் 4000ல் இருக்கும். அங்கே முறுக்குவிசை குறைந்திருந்தது. அந்தக் கோடும் அதே தாளில்தான் இருந்தது. இருவரும் பார்க்கவில்லை.

கவிதையைப் பற்றிப் பேசும்போதும் இதைத்தான் செய்கிறோம். படிமங்களைப் பிரித்து எண்ணுகிறவனும், முழு அனுபவம் என்கிறவனும் சங்கடம் வரும் இடத்தில் மற்றவனுடைய தராசை இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். தராசுகள் இரண்டும் அதனதன் அளவில் யோக்கியமானவை. தீர்ப்பைத் தெரிந்துகொண்டபின் நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதுதான் அயோக்யத்தனம்.

வழி இல்லாமலில்லை. ஒரே நாள், ஒரே டயர், ஒரே அளவு பெட்ரோல். புது காம், பழைய காம், மறுபடி புது காம். அதோடு என் இடத்தில் இன்னொருவர் சில சுற்றுகள். நண்பரே இதைச் சொன்னார். ஒரு நாள் வேலை. அவசியமில்லை என்றேன். அவருடைய எஞ்சின் தோற்றுவிடுமோ என்ற கவலையில் அல்ல. எஞ்சின் குற்றமற்றது என்று நிரூபணமானால், அந்த அரை வினாடிக்கு மிஞ்சுவது நான் ஒருவன்தான்.