பேச வைக்கும் உரிமை

பேச்சு வராத பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பாட்டிகள் பலர் என்னிடம் குமரகுருபரர் கதையைச் சொல்வார்கள். ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை, ஐந்து வயது வரை வாய் திறக்கவில்லை. பெற்றோர் திருச்செந்தூர் போய் விரதம் இருந்தார்கள். முருகன் அருளால் பேச்சு வந்தது, வந்த வேகத்தில் கந்தர் கலிவெண்பா பாடினார். "அதனால அஞ்சு வயசு வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமேம்மா" என்பார்கள். அண்மையில் ஒரு பாட்டி, தேனாம்பேட்டையில் என் கிளினிக் சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பேச்சு சாமி குடுக்கறது. அதுக்கு டெல்லியில இருந்து ஒரு காகிதமா?"

நான் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். முருகனைக் கும்பிடுகிறவளும்கூட. அந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

காகிதத்தின் விவரம் இது. அதைத் தருவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். அதற்கான சட்டம் 1992-இல் இயற்றப்பட்டது. 1993 ஜூனில் கவுன்சில் சட்டபூர்வ அமைப்பானது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம். நமக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தால் பெயர் ஏறும், எண் கிடைக்கும். அது ஆயுள் முழுக்கச் செல்லாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்காகத் தொடர்கல்வி வகுப்புகளில் உட்கார்ந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் மிகவும் குறைவு. தவறான கையில் ஒரு குழந்தை இழக்கும் வருஷங்களுக்கு அது ஈடாகாது.

"காக்கா" சொல்லச் சொன்னால் "தாத்தா" என்கிற நான்கு வயதுக் குழந்தைகள் வருவார்கள். நாக்கின் நுனி முன்னே ஓடிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும், பின்நாக்கு எழும்பாது. தட்டைக் குச்சியால் நுனியை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு "இப்ப சொல்லு கண்ணு" என்றால், சில பிள்ளைகளுக்குப் பின்நாக்கு தானாக எழும்பி, முதல் "க" வந்து விழும். அம்மாக்கள் கண்கலங்கிப் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு, குச்சி இருந்தால் யாரும் செய்யலாம் என்றே தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா, அண்ணத்தில் வெளியே தெரியாத பிளவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குச்சியைத் தொடலாம். எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்திருப்பதுதான் படிப்பு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், கேட்காத காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவி ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். காதைப் பார்க்காமலே ஐந்து வயது வரை காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கதவு முக்கால்வாசி மூடிவிடுகிறது. காதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் நாக்குப் பயிற்சி கொடுக்கிறவரும் அதே கதவைத்தான் சாத்துகிறார்.

இனி பாட்டிக்கு என் பதில். குமரகுருபரர் கதையை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். எந்த இடத்தில் உன் வாக்குத் தடைபடுகிறதோ அங்கே உன் குருவைக் காண்பாய் என்று முருகன் சொன்னதாக மரபு. தருமபுர மடத்தில் அதன் தலைவர் மாசிலாமணி தேசிகர் ஒரு பெரியபுராணப் பாட்டுக்கு அனுபவப் பொருள் கேட்டார். பிறவி ஊமையாக இருந்து கலிவெண்பா பாடிய வாய் அங்கே அடைத்துப்போனது. அவரையே குருவாகக் கொண்டு துறவு கேட்டும் அது உடனே கிடைத்துவிடவில்லை. சிதம்பரத்தில் தங்கியிருந்து வரச் சொன்னார் தேசிகர். பேச்சை நேராக முருகனிடம் வாங்கியவரும், பிறருக்கு வழிகாட்டும் இடத்துக்குப் போகுமுன் ஒருவர் முன்னால் நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு காசிக்குப் போனபோது அங்குள்ள மொழிக்காக மறுபடி கலைமகளிடம் கேட்டு நின்றார். சகலகலாவல்லி மாலை அப்படிப் பிறந்ததுதான் என்பார்கள்.

அருள் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நான் காட்டியாக வேண்டும். முருகன் தப்பாகக் கைவைக்க மாட்டான். என் கை தப்பலாம், நான் படித்தது பழசாகிப் போகலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்னை மாணவியாக உட்கார வைக்கும் விதியை நான் பாரமாக நினைக்கவில்லை. பதிவு எண் பொறுமையையும் அன்பையும் அளக்காது என்பது உண்மைதான். அவை இருக்கின்றனவா என்பதைப் பெற்றவர்கள் பக்கத்தில் இருந்துதான் பார்க்க வேண்டும்.

திருச்செந்தூருக்குப் போய் வாருங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். பேச்சு தாமதமாகிறது என்று தோன்றிய உடனே காது பரிசோதனையை முடித்துவிடுங்கள். பயிற்சிக்கு எங்கே போனாலும் பதிவு எண்ணையும், அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.