சோழியும் பாம்பும்

மாந்தோப்பிலே கனி ஒன்று களவு போயிற்று. ஐயத்துக்கு உரியோர் மூவர்: வேலன், முத்து, கண்ணன். எடுத்தவன் இவர்களில் ஒருவனே. "நான் எடுக்கவில்லை" என்கிறான் வேலன். "வேலன்தான் எடுத்தான்" என்கிறான் முத்து. "நான் எடுக்கவில்லை" என்கிறான் கண்ணன். மூவர் கூற்றில் ஒன்றே மெய் என்பது மட்டும் நமக்குத் தெரியும். கள்வன் யார்?

ஊர் என்ன செய்யும்? வேலனைப் பிடித்துக் கட்டும்! பெயர் சொல்லிச் சுட்டப்பட்டவன் அவன் ஒருவன்தானே! அவன் சேரிப் பிள்ளையாகவும் இருந்துவிட்டால் விசாரணையே வேண்டியதில்லை. பகுத்தறிவாளன் அவ்வாறு செய்யான். வேலனே எடுத்ததாக வைத்துக்கொள்வோம் என்பான். அப்படியானால் முத்து சொன்னது மெய். கண்ணன் சொன்னதும் மெய். மெய் இரண்டாகிவிட்டது. முரண்! முத்து எடுத்ததாகக் கொண்டால், வேலன் கூற்றும் மெய், கண்ணன் கூற்றும் மெய்; மறுபடியும் முரண். கண்ணன் எடுத்ததாகக் கொண்டாலோ, வேலன் கூற்று ஒன்றே மெய்யாய் நிற்கிறது. கனியைத் தின்றவன் கண்ணன்.

எதிரியின் கூற்றை எடுத்த எடுப்பில் மறுக்காமல், ஏற்று, அதனோடு கைகோத்து நடந்து, எந்தக் குழியில் அது விழுகிறதென்று காண்பதே இம்முறை. மேல்நாட்டார் தந்த புதுமை இது என மயங்கவேண்டா. மணிமேகலையின் 29ஆம் காதை மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் எங்கெங்கே வழுவும் என்பதை வகைவகையாய் விரித்துரைக்கிறது. வழுவை அவ்வளவு நுணுகி ஆராய்ந்த மொழியிலேதான் இன்றும், "பாம்பு நிலவை விழுங்குகிறது, பிள்ளைத்தாய்ச்சியே, வெளியே வராதே!" என்ற குரலும் கேட்கிறது.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு முழு நிலவு மறைப்பு. பத்து மணியளவில் தொடங்கி 1.26 வரை நீடித்தது. கோளரங்கம் நிற்கும் லாஸ்பேட்டையிலும் கருவுற்ற பெண்கள் சிலர் மாலை முதலே அறைக்குள் அடைக்கப்பட்டனர். உணவில்லை, தண்ணீருமில்லை, கத்தி, ஊசி எதையும் தொடக்கூடாது. தொட்டால் பிள்ளையின் உதடு பிளக்குமாம்!

லாஸ்பேட்டையின் பெயரிலே ஒரு வரலாறு உண்டு. 1765 முதல் 1777 வரை புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராயிருந்த ழான் லா என்பாரின் பெயரே அவ்வூருக்கு வாய்த்தது என்பர். அவர் காலத்தில், 1768இல், லெ ஜாந்தீல் என்னும் வானியலாளர் இங்கு வந்தார். வெள்ளி கதிரவனைக் கடக்கும் காட்சிக்காகவே தவங்கிடந்தவர். 1769 ஜூன் 4ஆம் நாள் விடியலில் மேகம் மூடிக்கொள்ள, ஏமாந்தார். ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. மறைப்பைக் கணிக்கும் தமிழர் முறையை இங்கே கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த நிலவு மறைப்பின் கால அளவைத் தமிழர் கணக்கு 41 நொடி குறைத்துக் காட்டியதாம். ஐரோப்பாவிலே புகழ் பெற்றிருந்த மாயரின் அட்டவணையோ 68 நொடி கூட்டிக் காட்டியதாம்!

"பழமையெல்லாம் பொய்" என்று முழங்கும் நம் தோழர் சிலர் இவ்விடத்தே சற்று நிற்கட்டும். அவர்கள் கருதுகோளும் இங்கே முரணில் மாட்டுகிறது. மாற்றானுக்கு வைக்கும் சோதனையை நமக்கும் வைத்துக்கொள்ளாவிட்டால் நாமும் ஒரு மடத்துக்காரர்தாம்.

ஆனால் கதையின் மறுபாதியையும் கேளுங்கள். ஜான் வாரன் என்பார் 1825இல் வெளியிட்ட 'காலசங்கலித' என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையிலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடம் செய்த வாய்பாடுகளைக்கொண்டு மறைப்பைக் கணித்துக் காட்டியதை எழுதுகிறார். அந்தக் கணிதருக்கு நினைவாற்றல் அளவற்றது. வானியற் கொள்கையிலோ ஒரு சொல்லும் தெரியாது! சோழி பேசிற்று, அவர் கேட்கவில்லை. ராகு தன் விருப்பப்படி விழுங்குகிறான் என்று கொள்வோம். விருப்பமாயின், எந்த நாழிகையில் விழுங்குவான் என்று எவர் சொல்லமுடியும்? சோழி சொல்கிறதே! "நியமப்படி விழுங்குவான்" என்பீரானால், விழுங்காமலிருக்க முடியாத பாம்பு பாம்பாகுமா? அது நிழல், ஐயா, நிழல்!

"நிழலேயானாலும் கருவுக்குத் தீது" என்று அடுத்த அரணுக்குள் புகுவர். சரி, தீது என்றே கொள்வோம். நிலவின்மேல் விழுவது நிலவுலகின் நிழல். நமக்கு இரவு வருவது எதனால்? அதே நிழலுக்குள் நாம் புகுவதால். தாய்மார் அனைவரும் பத்துத் திங்களும் இரவுதோறும் அந்நிழலுக்குள்ளேதான் உறங்கி எழுகின்றனர். "நிலவொளி குன்றுவதே தீது" என்றால் அமாவாசை மாதந்தோறும் வருகிறதே!

இதற்குமேல் வாதம் நில்லாது, பழி நிற்கும். விரதம் காத்த வீட்டிலும் உதடு பிளந்த பிள்ளை பிறக்கும்போது, கருதுகோளைக் கைவிடுவதுதானே முறை? கைவிடார். "அவள் மறைவாக எதையோ நறுக்கியிருப்பாள்" என்பர். பிறந்தால் அவள் குற்றம், பிறவாவிட்டால் விரதத்தின் பெருமை! எந்த முரணிலும் சிக்காதபடி கட்டிய இக்கூற்று, பெற்றவளைத் தூணில் கட்டிவைக்கிறது, வேலனைக் கட்டியதுபோல.

அத்தகைய தாய் ஒருத்தியை லாஸ்பேட்டையில் கண்டோம். குழந்தைக்கு அறுவை முடிந்து மெல்லிய தழும்பு மட்டுமே எஞ்சியிருந்தது. அவளுக்குள் இருந்த தழும்பு ஆறவில்லை. ஆறாம் மாதத்தில் வந்த மறைப்பன்று கீரை ஆய்ந்ததாக அவளே ஒப்புக்கொண்டாள், கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்பவள்போல. நாம் சொன்னோம்: "அம்மா, கருவின் மேலுதடு கூடி முடிவது ஏழாம் வாரத்துக்குள். கூடாமற்போவதற்கு மரபுக்கூறும் வேறு பல காரணங்களும் சேரும். ஆறாம் மாதத்தில் நீங்கள் எடுத்த கத்தி, இரண்டாம் மாதத்திலேயே முடிந்துபோன வேலையை எப்படிக் கெடுக்கும்?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். மீண்டும் எண்ணினாள். பிறகு, "இதை எங்க அத்தைகிட்ட வந்து சொல்வீங்களா?" என்றாள்.

போனோம்.