நான்காவது துணை



திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்கையில், மருத்துவத்திற்கு நான்கு அங்கங்கள் உண்டு என்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர். நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்த நான்காமவரைத்தான்.

இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். கொழும்பை அடுத்த மகரகமையில் பெரிய புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கிறது. அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு என்ன குறை?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடங்கள் நீளும். தாய் பிள்ளையோடு தங்கினால் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆளில்லை. தகப்பன் துணைக்குப் போனால் அன்றைய கூலி இல்லை. சிகிச்சைக் காலத்தில் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். நடுச்சாமத்தில் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திருக்க முடியாது. உடனே வாகனம் பிடிக்க வேண்டும். இவற்றை எந்த வைத்தியசாலையும் இலவசமாகத் தருவதில்லை.

செல்வந்த நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். வசதி குறைந்த நாடுகள் பலவற்றில் 30 பேருக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடங்கிய சிகிச்சையை இடையில் கைவிடுவதும் இதற்கு ஒரு காரணம். பிள்ளை எழுந்து விளையாடத் தொடங்கும்; கடனோ கழுத்தை நெரிக்கும். 'இனிப் போதும்' என்று பெற்றோர் நின்றுவிடுவார்கள். நோய் நின்றுவிடுவதில்லை.

'அது அவர்களின் முன்வினை' என்று சொல்லி நாம் ஒதுங்கலாமா? சூலை நோயால் துடித்து வந்த தம்பியிடம் திலகவதியார் வினைக் கணக்குக் கேட்கவில்லை. திருநீறு அளித்து, திருவதிகைச் சந்நிதிக்குக் கூடவே அழைத்துச் சென்றார். அப்பர் பெருமானை நமக்குத் தந்தது அந்தத் துணைதான்.

திருவிழாக் காலத்தில் ஒருமுறை பெருந்தொகை கொடுப்பது நல்லதே. ஆனால் இந்த நோய்க்கு வேண்டியது மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகை. நம்மில் பத்துக் குடும்பங்கள் கூடி ஒரு பிள்ளையின் சிகிச்சை முடியும்வரை பஸ் செலவையும், தங்குமிட வாடகையையும், வீட்டு அரிசியையும் பொறுப்பேற்கலாம். பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரிடம் விபரம் அறிந்து கொடுப்போம். பிள்ளையின் படத்தையோ நம் பெயரையோ எங்கும் போடாமல் கொடுப்போம்.

அருகிருந்து பார்க்கும் அந்தத் தாய்க்கு அருகில் நாம் நிற்போமாக. எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.