நினைவில் நிற்காத சாப்பாடு

தோட்டத்துச் சமையல் என்று பெயர் போட்டு விற்கும் சாப்பாட்டுக் கடைகளை ஈப்போவில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ஆட்டுக்கறிப் பெரட்டல், நாட்டுக்கோழிக் குழம்பு, நண்டு ரசம், இறால் சம்பால் எல்லாம் கிடைக்கும். ருசிக்குக் குறையில்லை. ஆனால் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவை தோட்டத்தில் சமைத்தவைதாம். தீபாவளிக்கும், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும், சம்பளம் போட்ட நாளுக்கும் சமைத்தவை. மற்ற நாள்களில் நாங்கள் சாப்பிட்டது வேறு. முருங்கைக்கீரைச் சாறு, பருப்பு, மிளகு ரசம், கத்தரிக்காயோடு ஒரு துண்டு கருவாடு. இவற்றைப் பலகையில் எழுதி வைத்தால் யார் காசு கொடுத்துச் சாப்பிட வருவார்கள்?

தோட்டத்தை நினைக்கிறவர்கள் எல்லோரும் விருந்தைத்தான் நினைக்கிறார்கள். அதில் தப்பில்லை, மனம் அப்படித்தான் சேர்த்து வைக்கும். ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள்கள் விருந்தில்லாத நாள்கள். உடம்பை ஓட்டியது அந்த நாள்களின் சாப்பாடு. நம் பெற்றோரிடமிருந்து விருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தச் சாதாரண நாளை விட்டுவிட்டோமோ என்பதுதான் என் கேள்வி.

அரசாங்க கிளினிக்கில் இனிப்பு நீருக்கு மருந்து வாங்கக் காத்திருக்கும் வரிசையில் நம்மவர்கள் பேசுவதைக் கேட்டால் ஒரே தீர்ப்புதான் காதில் விழும்: "நம்ம சாப்பாடுதாங்க காரணம்." சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். தெற்காசிய உடலுக்கு அதிக எடை இல்லாமலேயே இந்த நோய் வரும் இயல்பு உண்டு என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். உட்கார்ந்த வேலை, குறைந்த வருமானம், தூக்கமில்லாத ஷிப்டு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் வரிசையில் நிற்பவர்கள் பாட்டியின் அடுப்பைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

நூறாண்டுக்கும் முன்பு இதே மலாயாவில் அந்த அடுப்புக்கு நேர் எதிரான தீர்ப்பு கிடைத்திருக்கிறது. அன்று ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கால் வீங்கி, நடை தளர்ந்து, கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களிடம் அந்த நோய் அரிதாகவே இருந்தது. இதைக் கவனித்த ஆங்கிலேய மருத்துவர் பிராடன், காரணம் அரிசியில் இருக்கிறது என்று 1907இல் ஒரு புத்தகமே எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. பிறகு ஃப்ரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் மருத்துவ ஆய்வுக் கழகத்திலிருந்து இதை மேலும் உறுதிப்படுத்தினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டை ஒட்டியிருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. அந்தச் சத்துக்குத்தான் பின்னாளில் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது.

அந்தத் தமிழர்களில் ஒருவராவது தான் தின்ற புழுங்கல் அரிசியைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அது தினம் வேகும் சோறு, அவ்வளவுதான். உயிரைக் காத்த உணவு பேச்சுக்கே வராத உணவாக இருந்தது. இதற்காக இன்று புழுங்கல் அரிசியை மருந்து என்று நினைத்துத் தட்டில் குவித்தால் இனிப்பு நீர் ஒதுங்கி நிற்காது. அன்றைய நோய் சத்துக் குறைவால் வந்தது. இன்றையது பெரும்பாலும் மிகுதியோடு சேர்ந்து வருகிறது.

அன்று சோற்றைக் குவித்தவர்கள் அதைச் செலவழிக்கவும் செய்தார்கள். என் அம்மா விடியுமுன் எழுந்து, பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பசியாறிவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போவார். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் வெயில் ஏறுமுன் 400, 500 மரங்களைச் சீவியாக வேண்டும். பிறகு ஒவ்வொரு மங்காகப் பாலை எடுத்து, வாளி நிறையத் தூக்கி நடக்க வேண்டும். லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை, வெண்டை, கத்தரி, அவரைப் பந்தல், மரவள்ளி எல்லாம் இருந்தன. கீரை வேண்டுமென்றால் பத்தடி நடந்தால் போதும். சமைக்க நேரமில்லாத நாளில் கையருகே கிடைத்தது கீரைதான். இன்று கையருகே கிடைப்பது பாக்கெட் மீ.

இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறி அபூர்வமாக வந்ததற்குக் காரணம் கட்டுப்பாடு அல்ல, கூலி. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்த என் பாட்டி, பிற்காலத்தில் அந்தக் கிழங்கைக் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார். சீனியும் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகு நம்மைப் பிடித்துக்கொண்டது இல்லை. இனிப்பு டின் பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டுவது கொலைக்குச் சமம் என்று டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இலேயே சிங்கப்பூரில் மேடையேறிப் பேசினார். தோட்டத்துக் கோப்பியிலும் அந்த டின் பால்தான் மிதந்தது. இன்று கடைத் தே தாரிக்கில் விழும் கெட்டி இனிப்புப் பாலில் பெரும்பாலும் பாலின் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய். நம்மை வெளியேற்றிவிட்டு ரப்பர் நின்ற இடத்தில் நட்ட மரம், கோப்பைக்குள் நம்மைத் தேடி வந்துவிட்டது.

தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். வரும்போது பெரட்டல் கூடவே வந்தது, பலகாரம் வந்தது, சம்பால் வந்தது. அவரைப் பந்தல் வரவில்லை, நடையும் வரவில்லை. அடுக்குமாடியின் நான்காவது மாடியில் முருங்கை எங்கே வைப்பது? இன்னொன்றும் நடந்தது. முன்பு விருந்துக்கு மட்டும் வந்தவை எல்லாம் மலிந்துபோயின. பண்ணைக் கோழி அன்றாடக் கறி ஆனது. காலைப் பசியாறலுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்கோ எண்ணெயில் ஊறிய ரொட்டி சானாயோ, மதியம் பொரித்த கோழி, இரவு மீ கோரெங். ஒவ்வொன்றும் பண்டிகைச் சமையல் அளவுக்குக் கனமானது. கட்டுக் கீரையும் கொஞ்சம் நேரமும்தான் இன்று வீட்டில் விலை உயர்ந்த பொருள்கள்.

சுகாதார அமைச்சு இதற்குச் சொல்லும் வழி சுலபமானது. 'சுக்கு சுக்கு செபாரோ': தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் தட்டில் இது தலைகீழாக இருக்கிறது. வாழையிலைச் சாப்பாட்டில் சோறு நடுவே குன்றாக உட்காரும்; பொரியல் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஊறுகாய் அளவுக்கே இருக்கும். இதைத் திருத்த வெளிநாட்டுத் தானியமோ விலை உயர்ந்த பொடியோ வேண்டாம். ரசமும் பருப்பும் கீரையும் அப்படியே இருக்கட்டும். அளவுகள் இடம் மாறினால் போதும்.

ஈப்போவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. புந்தோங் தவுகேவுக்குப் பேர் போன இடம். கடுகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, பெரிய தீயில் ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்கினால் தட்டின் பாதி நிறைந்துவிடும். அதே புந்தோங்கில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாகக் கச்சான் பூத்தே வறுத்தும் அவித்தும் வாழ்கின்றன. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையைக் காலையில் அவித்து, பாதியைக் குழம்பில் போட்டு, பாதியைச் சுண்டலாக்கினால் ஒரு நாளின் கறிச் செலவு மிச்சம். கெம்போங் மீன் மலிவு; இதயத்துக்கு நல்ல கொழுப்பு அதில் உண்டு. அதைப் பொரிப்பதைவிடப் புளிக்குழம்பில் போடலாம். கருவாட்டை ஊறவைத்து உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். பாயாம், கங்கோங் இரண்டும் எந்தப் பாசாரிலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பருப்பை மொத்தமாக வேகவைத்து டப்பாக்களில் உறையவைத்தால், வேலை முடிந்து களைத்து வரும் இரவில் தாளிப்பது மட்டும்தான் மிச்சம். இதில் எதற்கும் தேங்காய்ப்பால் தேவையில்லை. அது வேறு நாளுக்கு இருக்கட்டும்.

அந்த வேறு நாளில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. வெல்லத்துக்குப் பதில் எதையோ போட்டுச் செய்த அதிரசத்தை ஒரு வீட்டில் நீட்டினார்கள். அதில் அதிரசமும் இல்லை, ஆரோக்கியமும் இல்லை. தீபாவளிக்கு ஆட்டுக்கறி ஆட்டுக்கறியாகவே இருக்க வேண்டும், முறுக்கு எண்ணெயில்தான் வேக வேண்டும். மருந்தும் ஊசியும் எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அது தனிக் கணக்கு. மற்றவர்களுக்கு நான் சொல்வது, பண்டிகைக்கு ஆரம்பம் இருப்பதுபோல முடிவும் வேண்டும் என்பதுதான். திறந்த இல்ல உபசரிப்பு வாரக்கணக்கில் நீள்கிறது. பலகார டின்கள் மேசையை விட்டு இறங்குவதில்லை. தோட்டத்தில் பலகாரம் இரண்டு மூன்று நாளில் அக்கம்பக்கத்துக்குப் போய்த் தீர்ந்துவிடும். சட்டி கழுவப்பட்டு மறுநாள் ரசம் வந்துவிடும்.

விரத காலமும் தானாகவே உடம்பைக் காப்பாற்றிவிடாது. புரட்டாசி முழுக்கச் சைவம் இருக்கும் வீடுகளில் மீனுக்குப் பதில் பொரித்த சோயாக் கறியும், அப்பளமும், இரண்டு அகப்பை கூடுதல் சோறும் வருவதைப் பார்க்கிறேன். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல்களில் கொடுப்பது பெரும்பாலும் ரோஸ் சர்பத். முருகனுக்குச் சமர்ப்பிக்கும் நோன்பில் சீனிக்கு மட்டும் விலக்கு எதற்கு?

எல்லாம் தெரிந்தும் சாதாரணச் சமையல் ஏன் தோற்றுப்போகிறது என்றால், அதற்குப் பாராட்டு இல்லை. பெரட்டலுக்குக் கைதட்டு உண்டு, கீரைக் கடைசலுக்கு யாரும் "எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்பதில்லை. ஆண்கள் அடுப்படிக்கு வந்தாலும் பெருநாள் கறிக்குத்தான் கரண்டி பிடிக்கிறார்கள். மற்ற நாள்களின் வேலை, பெயர் இல்லாமல், பெண்களின் தலையிலேயே நிற்கிறது. ஷிப்டு முடித்து வரும் ஒருத்தி, பாராட்டும் உதவியும் இல்லாத வேலையைத் தினமும் எத்தனை காலம் செய்வாள்? கடையில் பொட்டலம் வாங்கிவரும் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் இருக்கும் எல்லோரும் அன்றாடத்தில் பங்கெடுத்தால்தான் இது நிலைக்கும்.

பிள்ளைகள் வீட்டை விட்டுப் போகும்போது அம்மாவிடம் ஆட்டுக்கறிப் பக்குவம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மகனோ மகளோ, அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில், புதன்கிழமை ராத்திரி என்ன சமைப்பீர்கள் என்று கேளுங்கள். "என்னத்த பெருசா" என்றுதான் பதில் வரும். அதோடு விட்டுவிடாமல் இன்னொரு தடவை கேட்டு, உப்பு, புளி, தண்ணீர் அளவோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரமே ஒரு நாள் நீங்களே சமைத்து அவருக்குப் போடுங்கள்.