மணலுக்கு யார் ஓனர்?

ஓரிகனுக்கு நாலு நாள் கடற்கரை விடுமுறை போகத் திட்டமிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவுக்கு நேர் மேலே, பசிபிக்கை ஒட்டிய மாநிலம். பெட்டியில் முதலில் எடுத்து வைக்க வேண்டியது நீச்சல் உடை அல்ல, ஸ்வெட்டர்! கோடையில் வடக்கேயிருந்து வீசும் காற்று மேல் தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ளிவிடும். அடியிலிருக்கும் சில்லென்ற தண்ணீர் மேலே வந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட்டில்கூட கடல் 10 முதல் 13 டிகிரிதான். முழங்கால் வரை இறங்கினாலே பல் கிட்டும். பனிமூட்டம் வேறு. திடீரென்று ஓர் அலை மட்டும் எதிர்பாராத தூரம் ஏறி வந்து ஆளை இழுத்துப் போகும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள் என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். சும்மா இல்லை, கேளுங்கள்.

அடுத்து, ரூம். ஜன்னலில் கடல் தெரிந்தால் ஒரு ரேட், கார் நிற்கும் இடம் தெரிந்தால் இன்னொரு ரேட். பணம் கொடுத்தவருக்குக் காட்சி. சரி, நியாயம்தான். ஆனால் படியிறங்கி மணலில் கால் வைத்ததும் இந்தக் கணக்கு நின்றுபோகிறது. பெரிய ஹோட்டல்காரரும், கூடாரம் போட்டுத் தங்கியவரும் ஒரே மணலில் நடக்கிறார்கள். சில பூங்காக்களில் வண்டி நிறுத்தத்தான் காசு. நடக்க இல்லை.

இது தானாக வந்ததில்லை. 1913ல் ஆஸ்வால்ட் வெஸ்ட் கவர்னராக இருந்தபோது, அலை நனைக்கும் மணலைப் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ரோட்டை யார் விலைக்கு வாங்க முடியும்? கில்லாடி யோசனை! காய்ந்த மணல்தான் விட்டுப்போயிற்று. 1966ல் கேனன் பீச் என்ற ஊரில் ஒரு மோட்டல்காரர், 'எங்கள் விருந்தாளிகளுக்கு மட்டும்' என்று அந்தக் காய்ந்த மணலில் தடுப்புப் போட்டார். மாநிலமே கொதித்தது. 1967ல் கவர்னர் டாம் மெக்கால் கையெழுத்தில் புதுச் சட்டம். செடிகள் முளைக்கும் எல்லை வரை எல்லோரும் நடக்கலாம்.

அந்த மோட்டல்காரர் பக்கமும் கொஞ்சம் நின்று பாருங்கள். பத்திரம் அவர் பெயரில். காசு கொடுத்து வாங்கிய மண். உங்கள் வீட்டு முற்றத்தில் ஊரே வந்து உட்கார்ந்தால் சும்மா இருப்பீர்களா? வணிகவியல் படித்த என் புத்திக்கு, பிறரைத் தடுக்க முடியாத சொத்தைச் சொத்துக் கணக்கில் எழுதவே கை வராது.

வழக்கு ஓரிகன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969ல் தீர்ப்பு: பத்திரம் உங்களுடையது, வேலி மட்டும் கூடாது. காரணம், நம் ஊர்ப் பத்திர எழுத்தர் சொல்லும் அனுபவ பாத்தியதை மாதிரி ஒன்று. தலைமுறை தலைமுறையாக, யாரும் தடுக்காமல், ஜனங்கள் அந்த மணலைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தைப் பத்திரம் மீற முடியாது. தீர்ப்பு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஒருவர் உழைத்து உண்டாக்கியதல்ல கடற்கரை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்த வழக்கம் எவ்வளவு பழசு என்று காட்ட, நீதிமன்றம் பூர்வகுடிகள் வரை போயிற்று. அவர்கள் இதே மணலில் சிப்பி தோண்டி, நெருப்பு மூட்டிச் சமைத்திருக்கிறார்கள் என்றது. யார் அவர்கள்? 1855ல் அந்தக் கரையில் ஒரு நீண்ட பகுதியை அவர்களுக்கென்று ஒதுக்கி, பிறகு துண்டு துண்டாகப் பிடுங்கிக்கொண்டார்கள். 1954ல் ஒரு மத்திய சட்டம், மேற்கு ஓரிகன் பழங்குடிகளுக்கு அரசு தந்திருந்த அங்கீகாரத்தையே ரத்து செய்தது. ஆக, 1969ல் அவர்களுடைய அனுபவம் கோர்ட்டில் செல்லுபடியானது. அவர்கள் மட்டும் ஏட்டில் இல்லை! உல்லாசப் பயணி இலவசமாக நடக்க, நிலம் இழந்தவரின் அடுப்புச் சாம்பல் சாட்சி. மோட்டல்காரருக்காவது பத்திரம் கையில் மிஞ்சியது.

சிலெட்ஸ் பழங்குடியினருக்கு 1977ல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. லிங்கன் சிட்டியில் கடலைப் பார்த்தபடி ஒரு கேசினோ ஹோட்டல் இருக்கிறது, அவர்களுடையது. ரூம் தேடும்போது அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் தெரியும் அறை அங்கேயும் உண்டு. கீழே மணலில் வேலி கிடையாது.